மிதித்தால் வழுக்கும் பேட்டரி சைக்கிள்: செயின், ஃப்ரீவீல் தேய்மானத்தை அறிகுறி வைத்துப் பிடிப்பது, மாற்றுவது

"தம்பி, மோட்டார் போயிடுச்சு போல. பாலம் ஏறுறப்ப மிதிச்சா பிடிக்கவே மாட்டேங்குது."

வடுவூர்ப் பக்கமிருந்து பால் எடுத்து வரும் பெரியவர் ஒருவர் போன தை மாதம் மன்னார்குடியில் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னது இது. ஸ்டாண்டு போட்டு ஆக்சிலேட்டரைத் திருகினேன். பின்சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. குனிந்து பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலைப் பார்த்தால் பல் ஒவ்வொன்றும் கதிர் அரிவாள் முனை போல ஒரே பக்கமாகச் சாய்ந்து கூராகிக் கிடந்தது. "ஐயா, போனது மோட்டார் இல்லை. செயின் தேய்ஞ்சு, அது ஃப்ரீவீலையும் தின்னுடுச்சு" என்றேன். ஆறு மாதத்துக்கு முன் வந்திருந்தால் செயினை மட்டும் மாற்றியிருக்கலாம்.

மோட்டார் கோளாறு என்று என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். கோளாறு செயினில் இருக்கும், செலவு மோட்டாரில் நடக்கும். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன். வண்டி என்ன செய்கிறது என்பதை வைத்து எந்தப் பாகம் தேய்ந்தது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், உங்கள் வண்டியில் மோட்டார் எங்கே?

பின்சக்கரத்தைத் தூக்கி ஆக்சிலேட்டரைத் திருகுங்கள். செயின் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் அது சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார். நம் பக்கம் ஓடுபவை பெரும்பாலும் இவைதான். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் மோட்டார் கிட் வாங்கி மாட்டியவையும் இந்த வகையே. பெடல் அச்சை ஒட்டி மோட்டார் இருந்தால் அது மிட் டிரைவ். அதில் உங்கள் கால் இழுக்கும் இழுப்பும் மோட்டார் இழுக்கும் இழுப்பும் ஒரே செயின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். அதனால் அதன் செயின் சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் தேயும்.

ஹப் மோட்டார் வைத்திருப்பவர்கள் நினைப்பது வேறு. "மோட்டார்தானே ஓட்டுது, செயின் எங்க தேயப்போவுது?" என்பார்கள். மோட்டார் உதவி இருப்பதால் கியர் மாற்றத் தோன்றாது. எப்போதும் கடைசிச் சின்னப் பல்சக்கரத்திலேயே போவார்கள். பல் குறைவான சக்கரத்தில் ஒவ்வொரு பல்லும் அதிகச் சுமை தாங்கும், அதிகத் தடவை செயினைச் சந்திக்கும். ஆகவே முதலில் சாவது அந்தச் சின்னச் சக்கரம்தான். பேட்டரி தீர்ந்த நாளில் அவ்வளவு கனமான வண்டியை இரண்டு பால் கேனோடு எழுந்து நின்று மிதிக்கும்போது மிச்சமிருப்பதும் போய்விடும்.

இன்னொன்று நம் மண். டெல்டாவின் வண்டல் களிமண் நைசானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்ணெய் பூசிய செயினில் அது ஒட்டினால் அரைக்கிற பசையாகிவிடும். அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் கதிர் அறுக்கும் இயந்திரம் ரோட்டில் சேற்றுக் கட்டிகளை உதிர்த்துவிட்டுப் போகும். அதன்மேல் வைக்கோல், அதற்குப் பின்னால் ரோட்டில் காயப்போட்ட உளுந்துச் செடி. முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து வண்டிகளுக்கு இவற்றோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

வேலைக்கு முன்: சாவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி எடுத்து வையுங்கள். கையில் செயினைப் பிடித்திருக்கும்போது தவறி ஆக்சிலேட்டரில் முழங்கை பட்டால் விரல் போய்விடும். கவிழ்த்து வைப்பதாக இருந்தால் ஹேண்டில்பாருக்கு அடியில் இரண்டு மரக்கட்டை கொடுங்கள். இல்லையென்றால் டிஸ்ப்ளேயும் பிரேக் லீவரும் வண்டியின் எடையைத் தாங்க வேண்டிவரும்.

மிதித்தால் 'டக்' என்று வழுக்கி, கால் முன்னே பாய்கிறது

சமதளத்தில் ஒன்றும் தெரியாது. பாமணியாற்றுப் பாலம் ஏறும்போது, அல்லது நின்ற இடத்திலிருந்து அழுத்தி மிதிக்கும்போது வரும். வழுக்குவது எது என்பதை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டு பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைப் பெடலைக் கையால் பலமாக அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஃப்ரீவீலைப் பாருங்கள். செயின் பல்லின் மேல் ஏறி அடுத்த பல்லுக்குத் தாவினால் தேய்மானம். செயினும் பல்சக்கரமும் சேர்ந்தே நகர, பின்சக்கரம் மட்டும் நின்றால் கோளாறு ஃப்ரீவீலுக்கு உள்ளே. அதற்கு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

செயின் தாவுகிறது என்றால் அளக்க வேண்டும். சத்தத்தை வைத்தோ, எத்தனை மாதம் ஆயிற்று என்பதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள்.

சைக்கிள் செயினின் கண்ணிகளைக் கோக்கும் பின் (சின்ன ஆணி) ஒன்றுக்கும் அடுத்த பின்னுக்கும் சரியாக அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. 24 கண்ணி சேர்ந்தால் 12 இன்ச். செயினைத் துணியால் நன்றாகத் துடைத்து, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் நிலையில் இரும்பு ஸ்கேலை வையுங்கள். ஸ்கேலின் பூஜ்யம் ஒரு பின்னின் நடுவில். அதிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

12 இன்ச்சில் விழுந்தால் செயின் நல்ல செயின்.

அரை நூல் (இன்ச்சுக்கு எட்டு நூல்) தாண்டி, அதாவது ஏறக்குறைய 306.4 மி.மீ.யில் விழுந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஃப்ரீவீல் பெரும்பாலும் பிழைக்கும்.

ஒரு நூல் தாண்டி 308 மி.மீ. காட்டினால் செயினும் ஃப்ரீவீலும் சேர்த்து. முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரமான செயின்வீலையும் நன்றாகப் பாருங்கள்.

தச்சரும் கொல்லரும் பேசும் அதே நூல் கணக்குதான்.  இதற்கென்று விற்கும் செயின் செக்கர் இருந்தால் வசதி. அதில் 0.5, 0.75, 1 என்று எண் இருக்கும். 0.5 என்பது கிட்டத்தட்ட நம் அரை நூல், 1 என்பது ஒரு நூல். 10, 11 கியர் வைத்த மிட் டிரைவ் வண்டியில் ஒல்லிச் செயின் இருக்கும். அதில் அரை நூலுக்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கியர் இல்லாத ஒற்றைப் பல் வண்டியில் சற்றுத் தள்ளிப்போடலாம், ஆனால் ஒரு நூல்தான் எல்லை.

"இரும்பு எப்படித் தம்பி நீளும்?" என்று அந்தப் பெரியவரும் கேட்டார். இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் உட்காரும் இடம் துளித்துளியாகத் தேய்கிறது. 110 கண்ணியிலும் அந்தத் துளி சேரும்போது செயின் நீண்டது போல ஆகிவிடுகிறது. நீண்ட செயினின் ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். அங்கே உட்கார்ந்து பல்லையும் தன் அளவுக்கே தேய்த்துக்கொள்ளும். பழைய செயினும் பழைய பல்லும் இப்படி ஒன்றுக்கொன்று பழகிவிடுவதால் நீண்ட நாள் சத்தமில்லாமல் ஓடும். அதில் புதுச் செயினை மட்டும் மாட்டினால் அன்றைக்கே தாவ ஆரம்பிக்கும். "புதுச் செயின் போட்ட பிறகுதான் வழுக்குது, டூப்ளிகேட் செயின் கொடுத்துட்டாங்க" என்று எத்தனையோ பேர் சண்டைக்குப் போகிறார்கள். செயின்மேல் குற்றமில்லை. பல் போய்விட்டது.

செயின்வீலில் 44 பல் இருந்தால் சுமை பிரிந்துவிடும். ஃப்ரீவீலில் 14, 16, 18 தான். அதனால் இரண்டு, மூன்று ஃப்ரீவீலுக்கு ஒரு செயின்வீல் தாங்கும். புதுச் செயின் போட்டதும் செயின்வீலின் முன்பக்கத்தில் செயினை விரலால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிகிற அளவுக்குத் தூக்க முடிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் ஒரே சீராக, ஒவ்வொரு இரண்டரைச் சுற்று மிதிப்புக்கு ஒருமுறை 'டக்' என்றால் தேய்மானம் இல்லை, ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கிறது. 110 கண்ணி செயின் 44 பல்லில் சுற்றிவர இரண்டரைச் சுற்று ஆகும், அதுதான் கணக்கு. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் அந்த ஒரு கண்ணி மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல வளைத்துக் கொடுத்தால் இளகிவிடும். துருவால் பல கண்ணிகள் அப்படி இருந்தால் செயினையே மாற்றுங்கள்.

மிதித்தால் காற்றில் மிதித்த மாதிரி போகிறது, பிடிப்பே இல்லை

ஃப்ரீவீலுக்குள் சின்னச் சின்ன நாக்குகள் ஸ்பிரிங்கில் நிற்கும். முன்னே மிதித்தால் அவை பல்லில் விழுந்து சக்கரத்தை இழுக்கும். பின்னே சுற்றினால் 'கிர்ர்ர்' என்று தாண்டிப் போகும். அந்த 'கிர்ர்ர்' சத்தம் நின்றுபோய் மிதிப்பு வழுக்கினால் நாக்கு ஒட்டிக்கொண்டது, அல்லது ஸ்பிரிங் உடைந்தது. உள்ளே பழைய எண்ணெயும் மண்ணும் கோந்தாகியிருக்கும். வண்டியைச் சாய்த்து, சுற்றும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக்கொண்டே கழுவி, காயவிட்டு, மெல்லிய எண்ணெய் விட்டால் சில வண்டிகளில் பிழைக்கும். பிழைத்தாலும் புது ஃப்ரீவீல் வாங்கி வைத்துவிடுங்கள். ஒருமுறை ஒட்டிய நாக்கை நம்பி ராத்திரியில் நீடாமங்கலம் வரை போவது சரியில்லை.

மோட்டார் ஓடும்போது பெடல் தானாகச் சுற்றுகிறது

இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. ஹப் மோட்டார் வண்டியில் சக்கரம் சுற்றும்போது ஃப்ரீவீல் நழுவிக்கொடுக்க வேண்டும். அது இறுகிப்போனால் சக்கரம் செயினை இழுக்கும், செயின் பெடலைச் சுற்றும். பெடல் அச்சில் இருக்கும் சென்சாருக்கு மிதிப்பவர் நீங்களா சக்கரமா என்று தெரியாது. பெடல் சுற்றுகிறது, ஆகவே மோட்டாருக்குக் கரண்ட் கொடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் காலை எடுத்தாலும் வண்டி நிற்காமல் போகும்.

அப்படி நடந்தால் பிரேக் லீவரைப் பிடித்தபடியே சாவியை அணையுங்கள். பிரேக் லீவரில் மோட்டாரை வெட்டும் சுவிட்ச் பெரும்பாலான வண்டிகளில் உண்டு, அதுதான் உங்களைக் காப்பாற்றும். லீவரை விட்டால் மறுபடி ஓட ஆரம்பிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

இதற்கு முன்னறிவிப்பு உண்டு. மிதிப்பதை நிறுத்தி வண்டி தானாக உருளும்போது செயினின் மேல்பக்கம் தொய்ந்து, பின் மர்கார்டு பக்கம் ஆடினால் ஃப்ரீவீல் இறுக ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் இதற்கு முதல் காரணம் வைக்கோல். ஃப்ரீவீலுக்கும் ஸ்போக்ஸ் கம்பிக்கும் நடுவில் நுழைந்து, கயிறு திரித்த மாதிரி இறுகச் சுற்றிக்கொள்ளும். வெளியே ஒரு இழைதான் தெரியும். ஒரு மாசி மாதத்தில் ஒரு பெண் ஓட்டிவந்த வண்டியில் கொக்கி ஊசி வைத்து இழுத்தேன். உள்ளங்கை நிறைய வைக்கோல் வந்தது, கருத்து, எண்ணெயில் ஊறி, வெல்லப்பாகு வாசனையில் புளித்துப்போய். ஃப்ரீவீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பொண்ணு ஒரு மாதமாகப் பெடலில் காலை வைக்கப் பயந்துகொண்டு ஓட்டியிருக்கிறாள். அறுவடை நடக்கும் நாட்களில் வாரம் ஒருமுறை அந்த இடுக்கைப் பாருங்கள்.

செயின் கழன்று விழுகிறது

ஒற்றைப் பல் வண்டி என்றால் முதலில் தொய்வு. செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் சுமார் அரை இன்ச் ஆட வேண்டும். கூடுதலாக ஆடினால் பின்சக்கர நட்டை இளக்கிச் சக்கரத்தைப் பின்னே இழுத்து இறுக்கலாம். இழுக்க இடமே மீதமில்லை என்றால், செயின் அவ்வளவு தேய்ந்துவிட்டது என்றுதான் பொருள். ஒரு கண்ணியை வெட்டி எடுத்து ஓட்டும் பழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள், தேய்ந்த செயின் தேய்ந்த செயின்தான்.

தொய்வு சரியாக இருந்தும் விழுந்தால் செயின்வீலை மேலிருந்து பார்த்துக்கொண்டு பெடலைச் சுற்றுங்கள். இடவலமாக ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. பஸ் மேல் ஏற்றி இறக்கும்போது இப்படி ஆகும். கியர் வண்டியில் செயின் ஸ்போக்ஸ் பக்கம் விழுந்தால் டிரெய்லர் (கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் பாகம், derailleur) மாட்டியிருக்கும் காது வளைந்திருக்கும். நேராக நிமிர்த்தும்வரை ஓட்டாதீர்கள். டிரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போனால் மோட்டார் சக்கரத்தின் கம்பிகள் மொத்தமாக அறுந்துபோகும்.

சத்தம் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது?

எண்ணிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரே இடத்தில் 'டொக்' என்றால் பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), அல்லது பெடல் அச்சின் பேரிங். மிதிப்பதை நிறுத்தியும் சத்தம் வந்தால் அது செயின் சம்பந்தப்பட்டதே இல்லை, பின்சக்கரத்தைப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் தொடர்ந்து 'கரகர' என்றால் காய்ந்த செயின், அல்லது ஒல்லிச் செயின் போட வேண்டிய இடத்தில் தவறான செயின்.

கிராங்க் 'டொக்' என்பது பெரும்பாலும் இடது பக்கம். கிராங்க்கைக் கையால் பிடித்துச் சட்டத்தை நோக்கி ஆட்டுங்கள். ஆடினால் அதன் நட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். ஒரு அடி நீள ஸ்பேனரின் முனையில் 12 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லூஸாகவே பத்து நாள் ஓட்டியிருந்தால் அலுமினிய கிராங்க்கின் சதுர ஓட்டை வாய் தேய்ந்திருக்கும். தகரத்துண்டு கொடுத்து அடித்து உட்காரவைத்தால் நடுரோட்டில் கழன்று விழும். கிராங்க்கை மாற்றிவிடுங்கள்.

பெடலைக் கழற்றும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். இடது பெடலுக்கு மரை திருப்பு. வழக்கமாக இறுக்கும் திசையில் திருகினால்தான் கழலும். பெடல் அச்சின் வலது பக்கக் கப்பும் அதே மாதிரி திருப்பு மரைதான். இது தெரியாமல் பைப் மாட்டி இழுத்துச் சட்டத்தின் மரையையே வழித்தெடுத்த வண்டிகள் உண்டு. தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டியிருந்தால் கப்புக்குள் பால்ரஸ் துருப்பிடித்திருக்கும். மூடிய பேரிங் வகை என்றால் முழுசாக மாற்ற வேண்டும்.

மோட்டார் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை

இது செயின் கோளாறு இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். கியர் வைத்த ஹப் மோட்டாரின் உள்ளே நைலான் பற்சக்கரங்கள் உண்டு. அவை வழித்துப்போனால், அல்லது உள்ளே இருக்கும் கிளட்ச் போனால், மோட்டார் சுற்றும், சக்கரம் நிற்கும். மிதித்தால் வண்டி நன்றாகவே போகும். மோட்டார் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கியர் தானாகத் தாவுகிறது

முதலில் ஒயர். மழைக்காலம் முடிந்தால் கியர் ஒயர் கவருக்குள் துருப்பிடித்து நகராது. ஒயரும் கவரும் மாற்றுவது மலிவு, அதைச் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அடுத்து டிரெய்லரில் இருக்கும் இரண்டு சின்னப் பல்சக்கரங்கள். பல் ஊசி மாதிரி கூராகியிருந்தால் மாற்றுங்கள்.

செயின் மாற்றும் வேலை

வாங்கும்போது பல்லின் எண்ணிக்கையையும் கியர் எண்ணிக்கையையும் சொல்லி வாங்குங்கள். ஒற்றைப் பல் வண்டிக்கு அகலச் செயின். 6, 7, 8 கியருக்கு ஒரே ஒல்லிச் செயின் பொருந்தும். 9, 10, 11 என்று போகப் போக இன்னும் ஒல்லியாகும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போகாது. மன்னார்குடியிலோ திருவாரூரிலோ முதல் இரண்டு வகை எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். மற்றதற்குத் தஞ்சாவூர், திருச்சி என்று போக வேண்டும், அல்லது வரவழைக்க வேண்டும்.

நீளத்தைப் பழைய செயினோடு தொங்கவிட்டு ஒப்பிட்டு வெட்டாதீர்கள். ஒரு நூல் தேய்ந்த பழைய செயின் மொத்த நீளத்தில் ஒரு கண்ணிக்கு மேல் கூடுதலாக இருக்கும். கண்ணியை எண்ணுங்கள். பழையதில் 110 என்றால் புதியதிலும் 110.

ஒற்றைப் பல் செயினின் லாக்கில் ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் பிளந்திருக்கும். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசி லாக் கழன்று பறந்துவிடும். கியர் செயினில் கையால் மாட்டும் லாக் கண்ணி இருந்தால் அதைப் போட்டு, பின்பிரேக்கைப் பிடித்துப் பெடலை அழுத்துங்கள். 'க்ளிக்' என்று உட்காரும்.

ஹப் மோட்டாரிலிருந்து ஃப்ரீவீலைக் கழற்றுவது

இந்த வேலையில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரண சைக்கிளில் அஞ்சு நிமிஷம். மோட்டார் சக்கரத்தில் அரை நாள் போகலாம்.

முதலில் மோட்டார் ஒயரின் கனெக்டர். சட்டத்தின் அடியில் ஓடும் குழாயில் இருக்கும். திருகாமல் நேராக இழுத்துப் பிரியுங்கள். உள்ளே மெல்லிய பின்கள், திருகினால் வளைந்துவிடும். இரண்டு பாதியிலும் அம்புக்குறி இருக்கும், மாட்டும்போது அவை எதிரெதிரே வர வேண்டும். பிறகு அச்சு நட்டு, பெரும்பாலும் 18 மி.மீ. ஸ்பேனர். நட்டுக்கு அடியில் ஒரு பக்கம் மூக்கு நீண்ட வாஷர் இருக்கும். மோட்டார் இழுக்கும்போது அச்சு சட்டத்தில் திரும்பிவிடாமல் பிடிப்பது அதுதான். எந்தப் பக்கம், எந்தத் திசையில் இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துவிட்டுக் கழற்றுங்கள். அதைத் தொலைத்த ஒருவரின் வண்டியில் அச்சு முழுதாகச் சுற்றி ஒயரை முறுக்கி அறுத்திருந்தது.

இனி ஃப்ரீவீல் ரிமூவர். மோட்டார் அச்சு சாதாரண அச்சைவிடத் தடிமன். பல மோட்டார்களில் ஒயரும் அந்தப் பக்கமே வெளியே வரும். அதனால் சைக்கிள் கடையில் இருக்கும் வழக்கமான ரிமூவர் அச்சைத் தாண்டி உள்ளே நுழையாது. துளை பெரிதான ரிமூவர் வேண்டும். வாங்கும் முன் உங்கள் அச்சின் தடிமனையும் ஃப்ரீவீலின் உள்பக்கப் பள்ளங்களையும் பார்த்து வாங்குங்கள்.

ரிமூவரைப் பள்ளத்தில் ஆழமாக உட்காரவைத்து, அச்சு நட்டை லேசாகப் பூட்டி, அது நழுவாமல் பிடியுங்கள். டயரைச் சுவரோரம் அண்டக்கொடுத்து நீளமான ஸ்பேனரை இடஞ்சுழியாக இழுங்கள். பெடல் மிதித்து மிதித்து இறுகிய மரை அது. 'டக்' என்று இளகும்வரை பலமும் பொறுமையும் வேண்டும். இளகிய உடனே நட்டை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அச்சு மரை போகும்.

ரிமூவர் வழுக்கிப் பள்ளம் நசுங்கிவிட்டால் கடைசி வழி ஒன்று உண்டு. ஃப்ரீவீலின் முகத்தில் இரண்டு சின்னக் குழிகளோடு ஒரு வட்ட மூடி இருக்கும். அதுவும் திருப்பு மரைதான். பஞ்ச் வைத்து வலஞ்சுழியாகத் தட்டினால் திறக்கும். திறக்கும்போது கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். கடுகுபோலப் பொடிப் பால்ரஸ்கள் சிதறும், நாக்குகள் தெறிக்கும். பல்சக்கரம் தனியே வந்துவிட்ட பின் உள்ளே மிஞ்சும் உருளையைப் பைப் ரெஞ்சால் கவ்வி இடஞ்சுழியாகத் திருகலாம். ஃப்ரீவீல் அதோடு செத்தது, எப்படியும் மாற்றப்போவதுதானே. ஸ்போக்ஸ் கம்பியில் ரெஞ்ச் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஃப்ரீவீலை மாட்டும் முன் மோட்டாரின் மரையில் கிரீஸ் தடவுங்கள். அடுத்த தடவை கழற்றப்போகிறவர் உங்களை வாழ்த்துவார். கையாலேயே முழுசாகச் சுற்றி ஏற்ற வேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது, உடனே பின்வாங்கி மறுபடி தொடங்குங்கள். மோட்டாரின் அலுமினிய மரை போனால் மோட்டார் கூட்டையே மாற்ற நேரும். ஸ்பேனரால் இறுக்கத் தேவையில்லை, முதல் நாள் மிதிப்பே இறுக்கிவிடும்.

எல்லாம் மாட்டியாயிற்று, மோட்டார் உதவி மட்டும் வரவில்லை

பயப்படாதீர்கள். முதலில் கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பிரேக் லீவர் இரண்டும் முழுசாகத் திரும்பி வருகின்றனவா? ஒன்று பாதியில் நின்றாலும் மோட்டார் ஓடாது. ஆக்சிலேட்டரில் ஓடுகிறது, மிதித்தால் மட்டும் உதவி இல்லை என்றால், கிராங்க் மாற்றியபோது பெடல் சென்சாரைத் தொட்டிருக்கிறீர்கள். காந்தம் பதித்த வட்டத்தட்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் இரண்டு, மூன்று மி.மீ. இடைவெளி போதும். தட்டை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யாது.

எண்ணெய்: கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல், பிறகு முழுசாகக் காயவிட்டு, ரோலர் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொட்டு. பத்து நிமிஷம் பெடலைச் சுற்றிவிட்டு வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் வேண்டியது ரோலருக்குள், வெளியே இருப்பது மண்ணைத்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் கோந்தாகும். பைக்கிலிருந்து வடித்த கழிவு ஆயிலில் இரும்புத்தூள் இருக்கும், அதை விடாதீர்கள். கிரீஸையும் செயினில் அப்பாதீர்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்துப் பிரஷரில் தண்ணீர் அடிக்கச் சொல்லவும் வேண்டாம், மோட்டாருக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் தண்ணீர் புகும்.

அந்தப் பெரியவரின் வண்டிக்குச் செயினும் 18 பல் ஃப்ரீவீலும் மாற்றினேன். பழைய செயின் 12 இன்ச்சுக்கு மேல் ஒண்ணரை நூல் காட்டியது. மறுவாரம் அச்சு நட்டை மறுபடி முறுக்கிப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன். மோட்டார் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் முதல் நாலைந்து நாள் ஓடியபின் ஒரு தடவை அப்படிப் பார்த்தே ஆக வேண்டும். வந்தார். இரண்டு பக்க நட்டும் கால் சுற்று கூடுதலாக இறுகின.